பழந்துப்பாக்கியைப் புதுக்குதலும் பேணுதலும்

ஒருவன் தன் ஓய்வு நேரத்தை எவ்வாறு போக்குகின்றான் என்பதைக் கொண்டு அவனுடைய உள்ளப் பாங்கை ஒருவாறு உய்த்துணரலாம் என்பர். சிலர் தபால் தலைகளைச் சேர்ப்பர். சிலர் தோட்டம் இடுவர். சிலர் ஓடாத கடிகாரங்களைப் பிரித்துக் கோப்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வாரம் ஐந்து நாளும் அலுவலகத்திலோ ஆலையிலோ உழைத்துவிட்டு, எஞ்சிய சனி ஞாயிறுகளைப் பழந்துப்பாக்கிகளைச் செப்பனிடுவதிற் கழிப்போர் பலர் உளர். நம் நாட்டு மாணாக்கர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் இப்பொழுதுபோக்கினுள் பொதிந்து கிடக்கும் வினா ஒன்று துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. முன்னோர் கையாண்ட பொருளொன்று நம் கைக்கு வருமாயின், அதனைப் புதியதுபோல் ஆக்குதல் தக்கதோ, வந்தவாறே காத்தல் தக்கதோ என்பதே அவ்வினா. இதனைக் குறித்து யாம் கொண்ட கருத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இத்துணைப் பழந்துப்பாக்கிகள் தனி மனிதர் கைக்கு வந்த வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களிலும் வல்லரசுகள் கோடிக்கணக்கான துப்பாக்கிகளைச் செய்வித்தன. போர் ஓய்ந்தபின் அவை களஞ்சியங்களிற் குவிந்தன. புதிய வகைகள் தோன்றத் தோன்றப் பழையவை விலைக்கு விடப்பட்டன. ருஷ்யாவில் 1891-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1930-இல் திருத்தியமைக்கப்பட்ட மோசின்-நாகாந்து என்னும் துப்பாக்கி இதற்குத் தக்க சான்றாகும். 1991-இல் சோவியத் கூட்டரசு கலைந்தபின், இவை பெட்டி பெட்டியாக அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கின. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நூறு டாலருக்கும் குறைந்த விலையில் ஒன்றை வாங்க முடிந்தது; பின்னர் விலை பன்மடங்காயிற்று. அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் இவ்வார்வத்துக்கு ஓரளவு இடந்தருகின்றது. 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றை அது பழம்பொருள் எனத் தனியே பிரித்து வைக்கின்றது. ஐம்பது ஆண்டு கடந்தவற்றைச் சேகரிப்போர்க்கெனத் தனி உரிமமும் வகுத்துள்ளது.

இனி அவர்கள் சனிக்கிழமையிற் செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். களஞ்சியத்திலிருந்து வரும் துப்பாக்கி, காஸ்மோலின் என்னும் பழுப்பு நிறக் கொழுப்பில் அமிழ்த்தி எடுத்ததுபோல் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து வடிக்கப்படும் இப்பசை துருவைத் தடுப்பது. பல்லாண்டு கழிந்தும் மரத்தின் நுண்டுளைகளை விட்டு எளிதில் நீங்காதது. அதனை வெப்பத்தால் இளக்கித் துடைத்தெடுப்பதே முதல் வேலை. அதன்பின் கட்டை வேறு, குழல் வேறு, தாழ் வேறு எனப் பிரித்து வைத்து ஒவ்வொன்றாகச் செப்பனிடுவர். கட்டையில் விழுந்த பள்ளத்தின்மேல் ஈரத்துணியை இட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய நார்கள் நீராவியை உண்டு மீண்டும் எழுகின்றன. உலர்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து ஊட்டுகின்றனர்.

குழலுக்குக் கருநீலம் ஏற்றும் முறை இன்னும் வியப்புடையது. இரும்பை எண்ணெய்ப் பசை அறத் துடைத்து, துருவை விளைக்கும் கரைசலைத் தடவி, ஈரக் காற்றில் வைப்பர். செந்துரு படரும். அதனைக் கொதிநீரில் இட்டு அவித்தால் அச்செந்துரு கருந்துருவாக மாறும். மேலே ஒட்டாது நிற்கும் தூளை மெல்லிய எஃகு நாரால் நீக்கிவிட்டு மறுபடியும் துருவேற்றி மறுபடியும் அவிப்பர். இவ்வாறு பலமுறை செய்த பின்னரே ஆழ்ந்த கருநிறம் அமையும். இரும்புக்குப் பகையாகிய துருவே இரும்புக்குக் கவசமாகும் இவ்விந்தையை, இரசாயனம் கற்கும் மாணாக்கர் எண்ணிப் பார்ப்பாராக. இவ்வேலைக்குப் பொறுமை வேண்டும், கைந்நுட்பம் வேண்டும், அவசரத்தை அடக்கும் ஆற்றல் வேண்டும். இவற்றைப் பயிற்றும் பொழுதுபோக்கை யாம் இழித்துரைக்க மாட்டோம்.

கொலைக்கருவியைக் கொஞ்சி மகிழ்வது தகுமோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவை எளிதில் ஒதுக்குதல் கூடாது. ஒவ்வொரு போர்த் துப்பாக்கியும் ஒரு மகனைத் தாயிடமிருந்து பிரித்ததாக இருத்தல் கூடும். பிரித்ததோ இல்லையோ, அந்நோக்கத்துடன் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது காரணமாக அதனை உருக்கிவிடுதல் அறிவாகாது. போரின் கொடுமையை நூலில் மட்டும் படிப்போர் அதனை விரைவில் மறப்பர். கனத்த கட்டையைக் கையில் ஏந்தி, இதனைத் தோளில் தாங்கிப் பதினெட்டு வயதினன் பனியிலும் சேற்றிலும் நடந்தான் என்று உணர்பவன் எளிதில் மறவான். ஆகவே துப்பாக்கியை வைத்துக் காப்பதை யாம் மறுக்கவில்லை. அது எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதிலேயே எமது வழக்கு உளது. அதன் வடுக்களை எல்லாம் அழித்து, கடையிற் புதிதாய் வாங்கிய அலங்காரப் பொருள்போல் மின்னச் செய்து சுவரில் மாட்டுவோமாயின், அப்பொழுதுதான் அது வெறும் கொலைக்கருவியாகவும் வெறும் அழகுப் பொருளாகவும் ஒருங்கே தாழ்கின்றது. அது சொல்ல வந்த செய்தியோ அழிகின்றது.

இங்கே இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்ள விரும்புகின்றோம். பொருள் மேலும் கெடாவண்ணம் தடுத்து, அது சுமந்துவந்த அடையாளங்களை அப்படியே நிறுத்துவது பேணுதல். காலம் அதன்மேல் எழுதியதைத் துடைத்துவிட்டு நம் விருப்பப்படி புதிய மேற்பரப்பைத் தருவது புதுக்குதல். வார இறுதித் தொழிலாளர் பலர் இரண்டனையும் ஒன்றெனவே கருதுகின்றனர். யாம் அவ்வாறு கருதவில்லை. பேணுதலே பெரும்பான்மையும் தக்கது என்பதும், புதுக்குதல் வேறு வழியற்ற இடத்தில் மட்டும் செய்யத் தக்கது என்பதும் எமது துணிபு.

புதுக்குவதால் இழப்பது யாதெனின் கூறுவோம். பின்லாந்து நாட்டினர் மோசின்-நாகாந்துத் துப்பாக்கிக்கு வேண்டிய குழல்களைத் தாமே செய்துகொண்டனர். ஆனால் குழலைத் தாங்கும் உடற்பகுதியைச் செய்யாது, ருஷ்யரிடமிருந்து கிடைத்தவற்றையே பயன்படுத்தினர். ஆகையால் இன்று ஒரு சேகரிப்பாளன் கையிலுள்ள பின்லாந்துத் துப்பாக்கியின் உடற்பகுதி ஜார் அரசன் காலத்ததாகவும், குழல் 1940-ஐ ஒட்டியதாகவும் இருத்தல் கூடும். கட்டையைக் கழற்றி அடிப்புறத்தைப் பார்த்தால்தான் உடற்பகுதியின் ஆண்டு தெரியும். மேலே கட்டத்துக்குள் பொறித்த ஈரெழுத்து முத்திரை பின்லாந்துப் படையின் உடைமை என்பதை அறிவிக்கும். ஒரு பேரரசின் வீழ்ச்சி, ஒரு சிறு நாட்டின் விடுதலை, 1939-இல் அந்நாட்டின்மேல் வந்த படையெடுப்பு ஆகிய அனைத்தும் நான்கு முழம் நீளமும் இல்லாத அவ்விரும்பிலும் மரத்திலும் எழுதப்பட்டுள்ளன. இச்செய்திகளை எழுதியது உளி முனையளவு ஆழங்கொண்ட முத்திரைகளேயாகும். அமெரிக்கப் படையின் துப்பாக்கிகளிலும் பரிசோதகர் கட்டையில் அழுத்திய முத்திரைகள் உண்டு. அவற்றின் ஆழம் ஒரு தடித்த காகிதத்தினும் பெரிதும் மிகுதியன்று. உப்புத்தாளைக் கையில் எடுத்த ஒருவன் அரைமணி நேரத்தில் அவற்றை மீளாவண்ணம் அழித்துவிடலாம். இரும்பின்மேல் மெருகுச் சக்கரத்தை ஓட்டினாலோ, கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. எழுத்துகள் ஆழம் குன்றுகின்றன. திருகாணித் துளைகளின் வாய் பள்ளமாகின்றது. அதன்மேல் எவ்வளவு சிறந்த கருநீலம் ஏற்றினும், தேர்ந்த கண்ணுக்கு அது தெரிந்தே தீரும். போன உலோகத்தைத் திரும்ப வைக்கும் கம்மியர் எவரும் இலர். இதனாலேயே சேகரிப்போர் சந்தையில் பளபளக்கும் துப்பாக்கிக்கு விலை குறைவதும், மங்கிய துப்பாக்கிக்கு விலை மிகுவதும் காண்கின்றோம். ஆயினும் விலையைக் காரணங்காட்டி எமது கருத்தை நிறுவ யாம் விரும்பவில்லை. விலைபோகாத பொருளுக்கும் வரலாறு உண்டு.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று எமது கருத்தை நன்கு விளக்கும். 2014-ஆம் ஆண்டு நவம்பரில், நெவாடா மாநிலத்துக் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், தொல்பொருள் ஆய்வுக்கென மலைப்பகுதியிற் சென்ற குழுவினர், ஒரு ஜூனிப்பர் மரத்திற் சார்த்தி வைக்கப்பட்டிருந்த துப்பாக்கியொன்றைக் கண்டனர். அது 1873-ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த வின்செஸ்டர். கட்டை வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாய் வெடித்திருந்தது. அதன் அடி மண்ணிற் புதைந்திருந்தது. இரும்பு பழுப்பேறி மரப்பட்டையோடு நிறம் ஒத்திருந்தது. வரிசை எண்ணைக் கொண்டு தேடியதில் அது 1882-இல் செய்யப்பட்டதெனத் தெரிந்தது. அதனைச் சார்த்தி வைத்தவன் யாவன், ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு ஏடு ஒன்றும் விடை கூறவில்லை.

இவ்வகையில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் செய்யப்பட்டன; ஆகவே இது கிடைத்தற்கரிய பொருளன்று. வயோமிங் மாநிலத்துப் பப்பலோ பில் காட்சிச்சாலையின் வல்லுநர் இதனை ஏற்றுக்கொண்டபோது, விரும்பியிருந்தால் புதிய வால்நட் கட்டை பூட்டி, இரும்பைத் தேய்த்து, 1882-இல் ஆலையை விட்டு வந்த கோலத்தில் நிறுத்தியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்தாரல்லர். உள்ளே தோட்டா உளதோ என அறிய அதனை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று எக்ஸ்ரே படம் எடுத்தனர். குழலில் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டையின் அடியிலுள்ள சிறு பொந்தில் ஒரு தோட்டா இருந்தது. அத்தோட்டா 1887-க்கும் 1911-க்கும் இடையிற் செய்யப்பட்ட வகையினது. ஆகவே துப்பாக்கி 1887-க்குப் பின்னும் ஒருவன் கையில் இருந்தது என்னும் ஓர் உண்மை அதனால் வெளிப்பட்டது. உதிரும் மரச் சிலாம்புகளைப் பசையிட்டு நிறுத்தியதும், மண்ணை மெல்ல நீக்கியதும் தவிர வேறொன்றும் செய்யாது, கண்டெடுத்த கோலத்திலேயே அதனைப் பூங்காவுக்கு அனுப்பினர். இன்று மக்கள் அதனைக் காணச் செல்வது எதன்பொருட்டு? பளபளப்பின்பொருட்டன்று. வெளுத்த கட்டையும் பழுத்த இரும்புமே மறைந்துபோன ஒரு மனிதனைப் பற்றி நமக்குக் கிடைத்த முழுச் சரித்திரம். ஒரு பிற்பகல் வேலையால் அச்சரித்திரம் முழுவதும் அழிந்திருக்கும்.

எமது கருத்துக்கு மறுப்பாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையில் ஆராய்வோம்.

படைகளே தம் துப்பாக்கிகளைப் பலமுறை புதுக்கியிருக்க, இன்று நாம் புதுக்குதல் மட்டும் குற்றமாமோ என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. போருக்குப்பின் சோவியத் படைக்கலச் சாலைகள் துப்பாக்கிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்துக் கோத்தன. கட்டைகளுக்கு அரக்குப் பூச்சு ஏற்றின. ஒன்றின் தாழை மற்றொன்றிற் பூட்டி, பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதிய எண்ணைப் பொறித்தன. ஆயினும் அச்சாலைகள் தம் வேலைக்குத் தனி முத்திரையும் இட்டன. அப்புதுக்குதலும் அத்துப்பாக்கியின் பணிக்கால வரலாற்றில் ஓர் அத்தியாயம். நாம் சனிக்கிழமையன்று செய்யும் வேலைக்கு முத்திரையும் இல்லை, சான்றும் இல்லை. பின்வருவோரை அது மயக்கவே செய்யும். அடுத்த தலைமுறையில் அதனை வாங்குவோன், நம் கைவேலையைப் படைக்கலச் சாலையின் வேலை என நம்பி ஏமாறுவான்.

துருவும் அழுக்கும் வரலாறாகுமோ என்பது இரண்டாம் மறுப்பு. எல்லாத் துருவும் ஒன்றன்று. தொட்டால் விரலில் ஒட்டும் செந்நிறத் தூள், இரும்பை நாள்தோறும் உண்ணும் நோய். அதனை நீக்கியே தீர வேண்டும். நெடுங்காலம் எண்ணெயும் கைபட்ட வியர்வையும் சேர்ந்து உறைந்த கரும்பழுப்புப் படலமோ அமைதியடைந்தது; அதனைச் சுரண்டுவதால் நோய் நீங்குவதில்லை, தோலே உரிகின்றது. எண்ணெயில் ஊறவைத்து, இரும்பினும் மென்மையான செம்பு, பித்தளை முதலியவற்றால் மெல்லத் தேய்த்தால் முன்னது நீங்கும், பின்னது நிற்கும். அதன்மேல், 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்து ஆய்வுக்கூடத்தில் பழம்பொருள்களுக்கென உருவாக்கப்பட்டது போன்ற மெழுகைப் பூசிவிடலாம். வேண்டாதபோது அதனைக் கரைத்து நீக்கவும் கூடும்.

என் பொருளை நான் என் விருப்பப்படி செய்வேன் என்பது மூன்றாம் மறுப்பு. சட்டப்படி அவ்வுரிமை உண்டு. ஆனால் 1891-ஆம் ஆண்டுத் துப்பாக்கி மூன்று நான்கு தலைமுறை உடையவர்களைக் கண்டுவிட்டது. இன்றைய உடையவனையும் கண்டு கடக்கும். அவன் அதற்கு உரிமையாளன் என்பதினும் சில காலக் காப்பாளன் என்பதே பொருந்தும். அன்றியும், புதுக்கத் தக்க துப்பாக்கிகள் இல்லாமலில்லை. துரு ஆழத் தின்று முத்திரைகள் முன்னரே மறைந்தவை, பலவற்றின் உறுப்புகளைக் கூட்டி அமைத்தவை, முன்னரே எவரோ அறுத்தும் தேய்த்தும் கெடுத்தவை, தந்தை வேட்டையாடி மகனும் வேட்டைக்குக் கொண்டுசெல்லும் எளிய துப்பாக்கிகள் ஆகியவற்றில் கைத்திறன் காட்ட விரும்புவோர் தாராளமாய்க் காட்டுக. அங்கே இழப்பதற்கு அதிகம் இல்லை. கற்பதற்கு மிக உண்டு.

ஆகவே இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர்க்கு யாம் கூற விரும்பும் நெறி சிலவே. கையில் எடுத்தவுடன், உள்ளே தோட்டா இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்க. எந்தத் திருகாணியையும் தொடுமுன், எல்லா முத்திரைகளையும் படம் எடுத்துக் குறித்து வைக்க. முதலில் மிக மென்மையான வழியையே முயல்க. துணியால் ஆவதற்கு நாரும், நாரால் ஆவதற்கு உப்புத்தாளும் வேண்டா. பின்னர் ஒருவன் மாற்ற விரும்பின் மாற்றக்கூடியதையே செய்க. செய்ததை ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கியோடு வைக்க. சுட விரும்பின், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் பரிசோதித்த பின்னரே சுடுக. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணிகளைக் குவித்து வையற்க. அவை தாமே சூடேறித் தீப்பற்றும் இயல்பின.

நம் நாட்டில் இப்பொழுதுபோக்குக்கு இடமில்லை என்பதையும் மாணாக்கர் தெளிவாய் உணர்தல் வேண்டும். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலை மட்டுமன்றி, உரிமமின்றி அதனைச் செப்பனிடும் தொழில் நடத்துதலையும் தடுக்கின்றது. அது தக்கதே. எனினும் நாம் காக்க வேண்டிய பழந்துப்பாக்கிகள் நம்மிடமும் உள்ளன. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிகளைப் போலீசார் தோளில் நெடுங்காலம் கண்டோம். உத்தரப் பிரதேசப் போலீசார் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் நடந்த குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தனர். பிரிட்டிஷ் ஆட்சியில் அத்தொழிற்சாலையிற் செய்யப்பட்டவற்றில் முடியும் மன்னர் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டன. குடியரசுக் காலத்தில் அதே இடத்தில் அசோகச் சிங்கம் பொறிக்கப்பட்டது. ஒரு நாட்டின் ஆட்சி மாறியதை விரலால் தடவி உணரக்கூடிய சான்று இதனினும் வேறு ஏது? இவை ஓய்வு பெறும்போது, வகைக்குச் சிலவற்றையேனும் காட்சிச்சாலைகளில் வைத்தல் வேண்டும். வைக்குங்கால் வண்ணம் பூசாமலும் தேய்க்காமலும் வைத்தல் வேண்டும்.

பளபளப்பையே தூய்மை எனக் கொள்ளும் பழக்கம் நம்மிடமும் வேரூன்றியுள்ளது. பூங்காக்களிலும் கட்டட வாயில்களிலும் நிற்கும் பழம் பீரங்கிகள்மேல் வண்ணத்தின்மேல் வண்ணம் பூசி, அவற்றிற் பொறித்த எழுத்துகளைப் புதைத்துவிடுகின்றோம். கோயிற் கற்களின்மேல் மணலைப் பீச்சியடித்து அழுக்கோடு சிற்பியின் உளித்தடத்தையும் கல்வெட்டின் எழுத்தையும் போக்கிய கொடுமையையும் தமிழ்நாடு கண்டுள்ளது. பாட்டி வைத்துச் சென்ற பித்தளைக் குத்துவிளக்கில், அதனை அளித்தவர் பெயர் வெட்டிய இடத்தையும் புளியிட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுக்குவோர் எத்தனை பேர்!

மாணாக்கரே, உங்களிற் சிலர் நாளை பொறியியலாளராவீர். சிலர் அரசாங்க அலுவலராவீர். சிலர் கோயிலையோ, பள்ளியையோ, நூல்நிலையத்தையோ மேற்பார்க்கும் பொறுப்பைப் பெறுவீர். அப்பொழுது பழம்பொருளொன்றைச் ‘சுத்தம் செய்ய’ ஆள் வந்து நின்று உங்கள் ஒப்புதலைக் கேட்பான். ஒப்பமிடுமுன், அதன்மேல் எழுதப்பட்டிருப்பது யாதென ஒருமுறை கூர்ந்து பாருங்கள். துருவை நிறுத்துங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள். இதுவே யாம் வேண்டுவது.